தானா வாசிக்கிற பியானோவுக்கு மூச்சு வாங்குது!

கேள்வி: பழைய வீடு வாங்கினோம், கூடவே 1920கள் காலத்து பிளேயர் பியானோ ஒண்ணும் வந்துச்சு. மிதிச்சா ஓட்டை போட்ட காகித ரோல் ஓடுது, ஆனா ஒரு நோட் விடாம அடிச்சுக்கிட்டே இருக்கு, நாலு நோட் வாயே திறக்கல. உள்ள மரத்துல ஒட்டியிருக்கிற துணியெல்லாம் நைஞ்சு கிடக்கு. ஹார்டுவேர் கடை வெள்ளை பசை போட்டு ஒட்டிடவான்னு வீட்டுக்காரர் கேக்குறாரு.
- ஒரு வாசகி, நியூஜெர்சி

பதில்: ஐயய்யோ, முதல்ல அந்த டப்பாவ மூட சொல்லுங்கம்மா! வெள்ளை பசை மரத்துக்குள்ள ஊறிடும், அப்புறம் பிரிச்சா மரச்சில்லோட பிஞ்சுதான் வரும். இதுக்குன்னே இருக்கிறது வஜ்ஜிரப் பசை, நம்ம ஊரு ஆசாரிங்க அடுப்புல காய்ச்சுவாங்களே அதேதான், ஈரமும் சூடும் காட்டினா விட்டுக்கொடுத்துடும்.

இதுல கரண்ட் கிடையாது, நீங்க மிதிக்கிறதுல வர்ற உறிஞ்சு காத்துதான் எல்லாம். ரோல்ல இருக்கிற ஓட்டை பித்தளை பட்டையோட துளைக்கு நேரா வந்ததும் காத்து நுழைஞ்சு, குழாய் வழியா போயி காசு அகலத்துல இருக்கிற மெல்லிசு தோலை தூக்கும், அது வால்வை திறக்க அந்த நோட்டோட குட்டி துருத்தி சட்டுனு சுருங்கி சுத்தியலை தள்ளும். அப்ப குழாய்ல வெடிப்பு விட்டா? ஓட்டை வந்துடுச்சுன்னு நினைச்சு வாசிச்சுக்கிட்டே இருக்கும். துருத்தி துணி கிழிஞ்சாலோ குழாய்ல காகித தூசி அடைச்சாலோ ஊமை.

கத்துற நோட்டோட துளை மேல துண்டு டேப் ஒட்டி பாருங்க. நின்னுடுச்சுன்னா ரோல் நேரா உக்காரல, அவ்வளவுதான். நிக்கலன்னா குழாயோ வால்வோ. ஊமை நோட்டுக்கு, தூசி உறிஞ்சுற சின்ன கைபம்ப் கிடைக்கும், துணில கைவைக்கிறதுக்கு முன்னாடி அதை போட்டு பாருங்க, பாதி கேஸ் அதுலயே தீந்துடும்னு நான் நினைப்பேன். துருத்தி துணி மாத்தினா 88 நோட்டுக்கும் சேர்த்தே மாத்துங்க, நாலு கிழிஞ்சா மிச்சமும் அதே வயசு கிழவிங்கதானே. கழட்டுறப்பவே பென்சில்ல நம்பர் போட்டுடணும், இல்லன்னா அழுகைதான் வரும். ரப்பர் பூசின மெல்லிசு துணிதான் ஒட்டணும். ஒட்டின துருத்தியை அமுக்கி, அதோட துளைய விரலால அடைச்சுட்டு விடுங்க, உடனே விரிஞ்சா எங்கயோ ஒழுகுது.

கேள்வி: ரோல்ல டெம்போ 70னு போட்டிருக்கே?
- அதே வாசகி

பதில்: நிமிஷத்துக்கு 7 அடி காகிதம் ஓடணும்னு அர்த்தம். அளக்கிற டேப் வச்சு அளந்துக்கோங்க. கூடவே 65 நோட் ரோல் கிடைச்சா போடாதீங்க, அகலம் 11¼ இஞ்ச்னு ஒண்ணா இருந்தாலும் அதுல இஞ்சுக்கு 6 துளை, உங்களோடதுல 9.