பழைய ஃபோல்டிங் கேமராவுக்குப் புது பெல்லோஸ்: வாங்குவதா, செய்வதா?

கேள்வி: தாத்தாவின் ஆக்ஃபா ஐசோலெட் 2 கேமரா பரணில் கிடைத்தது. ஒரு ரோல் போட்டு எடுத்துப் பார்த்தேன். 12 படத்தில் ஏழில் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருக்கிறது. லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே துருத்தி போல மடியும் பெல்லோஸில் ஓட்டை என்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து புதிது வரவழைத்தால் தபால் செலவோடு கேமரா விலையையே தாண்டிவிடும் போலிருக்கிறது. இருப்பதையே ஒட்டுப் போட்டுச் சமாளிக்க முடியாதா?

பதில்: முதலில் ஓட்டைதானா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ராத்திரியில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கேமராவின் பின்கதவைத் திறந்து, போன் டார்ச்சை பெல்லோஸுக்குள் அடியுங்கள். ஓரத்தில் வழியும் வெளிச்சத்தைக் கறுப்புத் துணியால் மறையுங்கள். ஐந்து நிமிடம் கண் இருட்டுக்குப் பழகட்டும். அப்புறம் கேமராவை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மடிப்பின் மூலைகளில் ஊசியால் குத்தியது போல வெள்ளைப் பொட்டுகள் தெரியும். ஒரு கோணத்தில் தெரிவது இன்னொரு கோணத்தில் மறையும், அதனால் அவசரப்பட வேண்டாம்.

ஒன்றும் தெரியவில்லை என்றால் பின்கதவில் பட எண் பார்க்க உள்ள சிவப்பு ஜன்னலைச் சந்தேகப்படுங்கள். சிவப்பு ஒளி உறைக்காத பழைய பிலிமை மனதில் வைத்து வந்த ஏற்பாடு அது. இன்றைய பிலிம்களுக்குச் சிவப்பும் உறைக்கும். ரோல் சுற்றும்போது மட்டும் நிழலில் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும்.

ஐசோலெட் என்பதால் மூலைகளில் பொட்டு தெரியும் என்றே நினைக்கிறேன். மியூனிக்கில் இருந்த ஆக்ஃபா தொழிற்சாலை 1950களில் இந்த மாடலுக்குத் தோல் போடவில்லை, செயற்கைப் பூச்சுள்ள துணியைப் போட்டது. அந்தப் பூச்சு வயதாக ஆக இறுகும். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மூலைதான் அதிகம் வளைகிறது, அங்கேதான் விரிகிறது. அதே காலத்து ஜைஸ் ஐக்கான் நிறுவனத்தின் நெட்டார், ஐக்கோன்டா கேமராக்களில் தோல். அவற்றில் பல இன்றும் ஒளி புகாமல் இருக்கின்றன.

இரண்டு மூன்று பொட்டுதான் என்றால் துணிக்குப் பூசும் கறுப்பு பெயின்ட்டை மெல்லிசாகத் தடவி, பெல்லோஸை நீட்டிய நிலையிலேயே ஒரு நாள் காயவிடுங்கள். சில மாதம் ஓடும். இன்சுலேஷன் டேப் மட்டும் ஒட்டாதீர்கள். மூலை தடித்து, மூடும்போது நாம் அழுத்துவோம். லென்ஸைத் தாங்கும் மெல்லிய இரும்புக் கைகள் லேசாகக் கோணினாலே போதும், படத்தில் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். பத்துப் பதினைந்து பொட்டு இருந்தால் பெயின்ட் வீண். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

புதிதுக்குப் பணம் கட்டுமுன் இன்னொன்று. லென்ஸின் தூர வளையம் சுழல்கிறதா? ஆக்ஃபாவில் போட்ட பச்சை கிரீஸ் காலப்போக்கில் பிசின் மாதிரி இறுகிவிடும். பலமாகத் திருகினால் முன் லென்ஸும் அதற்குப் பின்னால் உள்ளதும் சேர்ந்து சுழன்று, தூர அளவே பொய்யாகிவிடும். ஷட்டர் 1 வினாடி வேகத்தில் நிற்காமல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். இவை சரியாக இருந்தால், விலை எவ்வளவானாலும் தாத்தாவின் கேமராவுக்குப் புது பெல்லோஸ் போடுங்கள் என்றுதான் சொல்வேன். உடன் வந்த லென்ஸ் சோலினார் என்றால் இன்னும் சந்தோஷம். நான்கு கண்ணாடி லென்ஸ், நல்ல கூர்மை.

கேள்வி: எங்கள் ஊரில் ஆர்மோனியம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அதிலும் துருத்திதானே? கேமரா பெல்லோஸை அவரிடம் செய்யச் சொல்லலாமா?

பதில்: நல்ல யோசனை, ஆனால் ஒரு வித்தியாசத்தை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆர்மோனியத் துருத்தி காற்றைப் பிடித்தால் போதும், தடிமனாக இருந்தால் குற்றமில்லை. கேமரா பெல்லோஸ் லென்ஸுக்கும் பிலிம் சட்டத்துக்கும் நடுவே ஒரு விரல் கனத்துக்குள் மடங்கி உட்கார வேண்டும். ஒளி புகாமல் செய்வது அத்தனை கஷ்டமில்லை, இந்தக் கனத்துக்குள் அடக்குவதுதான் கஷ்டம்.

நான் முதலில் செய்ததை அப்படித்தான் கெடுத்தேன். உள்ளே ஒரு கறுப்புத் துணி, வெளியே ஒரு கறுப்புத் துணி, நடுவில் இனிப்புப் பெட்டி அட்டை. பார்க்க அவ்வளவு அழகு. கேமராவில் மாட்டி மூடினால் கதவு 4 மி.மீ. இடைவெளியில் நின்றுவிட்டது. முழுவதையும் பிரித்தேன். கணக்கு எளிதுதான்: ஒரு பக்கத்தில் 18 பட்டை (மடிப்புகளுக்கு விறைப்புத் தரும் அட்டை அல்லது தாள் கீற்று), துணி, அட்டை, தோல், பசை எல்லாம் சேர்ந்து 0.5 மி.மீ. என்றால் மடித்தால் 9 மி.மீ. அதுவே 0.8 ஆனால் 14 மி.மீ.க்கு மேல். மூலைகளில் துணி கூடுதலாக மடங்குவதால் இன்னும் தடிக்கும்.

பழைய பெல்லோஸைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் உங்கள் பேப்பர் பேட்டர்ன். பொறுமையாகக் கழற்றி, சேர்ப்புத் தையல் போல ஒட்டியிருக்கும் கோட்டில் பிளந்து விரித்து, மடிப்புக் கோடுகளை ஒன்று விடாமல் தாளில் வரையுங்கள். கழற்றும் முன்பே நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன் வாய், பின் வாய், நீட்டிய நீளம், மடித்த கனம்.

உள்துணி மெல்லிய கறுப்பு பிளாக்அவுட் துணியாக இருக்கட்டும். கடையிலேயே போன் டார்ச் மேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பட்டைகளுக்கு 160 முதல் 200 ஜி.எஸ்.எம். கறுப்புத் தாள் போதும். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே ஒன்றரை மி.மீ. இடம் விட வேண்டும், அங்கேதான் மடியும். மூலைகளில் தாளே வரக்கூடாது. வெளித்தோல் 0.3, 0.4 மி.மீ.க்குச் சீவிய ஆட்டுத்தோல். சென்னையில் என்றால் பெரியமேட்டுத் தோல் கடைகளில் சீவித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒட்டுவதற்குச் செருப்புத் தொழிலாளர் பயன்படுத்தும் ரப்பர் பசை, மெல்லிய பூச்சாக. வெள்ளைப் பசை காய்ந்ததும் விறைத்துக்கொள்ளும்.

சேர்ப்பு மூலையில் வராமல் அடிப்பக்கத்தின் நடுவில் வரட்டும். மடிக்கும்போது ஒரு பக்கத்தில் மேடாக வருவது அடுத்த பக்கத்தில் பள்ளமாக வரும். அகலமான பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு மூலையாகக் கிள்ளிக் கிள்ளிப் போக வேண்டும். முதல் மூன்று மடிப்பு முரண்டு பிடிக்கும். அப்புறம் துணிக்கே வழி தெரிந்துவிடும். முடிந்ததும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி. பசை வாசம் முழுக்கப் போகும் வரை, நான்கைந்து நாளாவது, கேமராவில் மாட்டாதீர்கள். அந்த ஆவி லென்ஸில் படியும்.

பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லிப் பாருங்கள். அவர் தயங்கினால் நல்ல புத்தக பைண்டிங் செய்பவரைத் தேடுங்கள். மெல்லிய தாளும் துணியும் பசையும் பழகிய கை, இந்த வேலைக்கு அதுதான் இன்னும் பொருத்தம் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஆன்லைனில் ஃபோல்டிங் கேமரா வாங்க நினைக்கிறேன். 'பெல்லோஸ் சூப்பர் கண்டிஷன்' என்று போட்டிருப்பதை நம்பலாமா?

பதில்: இருட்டில் உள்ளே டார்ச் அடித்து எடுத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். மூலைகள் மட்டும் பளபளவென்று கறுத்திருந்தால் பெயின்ட் தடவியிருக்கிறார்கள். அதைவிட முக்கியம் பிலிம் அளவு. 120 ரோல் போடும் கேமராவாகப் பார்த்து வாங்குங்கள், அது 1901 முதல் இன்று வரை வருகிறது. கோடாக் 116 ரோலை 1984இலும் 620ஐ 1995இலும் நிறுத்திவிட்டது. சிவப்புத் தோல் பெல்லோஸ் வைத்த மிகப் பழைய கோடாக் கேமராக்கள் மனதை இழுக்கும், ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் போட பிலிம் கிடைக்காது.

கேள்வி: ஒரு கடையில் பெல்லோஸ் மாற்றக் கொடுத்தேன். புதிது போட்ட பிறகு கேமரா மூடவே மாட்டேன் என்கிறது. பழையதைக் கேட்டால் குப்பையில் போட்டுவிட்டோம் என்கிறார்கள். பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: முடியும். காசு வாங்கிச் செய்த வேலையில் குறை என்றால் அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி சேவைக் குறைபாடு. மூடாத கேமராவைப் படமும் வீடியோவும் எடுத்து, பில்லோடு சேர்த்து, சரிசெய்து தரும்படி கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலாவது அனுப்புங்கள், பதிவு இருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

கேமராவை மட்டும் பலவந்தமாக மூடிப் பார்க்காதீர்கள். பழைய பெல்லோஸ் போய்விட்டதால், ஷட்டர் செத்த அதே மாடல் கேமரா ஒன்றைக் குறைந்த விலைக்குத் தேடுங்கள். அதன் பெல்லோஸ் ஓட்டையாக இருந்தாலும் பேட்டர்னுக்கு ஆகும். அடுத்த முறை கொடுக்கும்போது 'பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்' என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.