கார் ஊரில், சாவி சென்னையில்: சார்ஜர் கேள்விகள்

பொங்கல் முடிந்து எல்லோரும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் திரும்பியதும் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே ரகம்: ஊர் வீட்டில் விட்டுவிட்டு வந்த கார், அதன் பேட்டரி, அதற்கு ஒரு சார்ஜர். இந்தத் தடவை எல்லாவற்றையும் சேர்த்தே போட்டுவிடுகிறேன்.

கேள்வி: கானாடுகாத்தான் வீட்டில் ஒரு சின்ன கார் வைத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறோம், ஒவ்வொரு முறையும் பேட்டரி டவுன். எத்தனை ஆம்பியர் சார்ஜர் வாங்கலாம்? (சென்னை வாசகர்)

பதில்: ஆம்பியர் இருக்கட்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது மெயினை அணைக்கிறீர்களா? நம் செட்டிநாட்டுப் பக்கம் பெரும்பாலும் அணைத்துவிட்டுத்தான் கிளம்புவோம், மின்சாரம் இல்லாத வீட்டில் எந்த சார்ஜரும் வேலை செய்யாது. கார் கொட்டகைக்கு மட்டும் எலெக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன் இழுக்க முடிந்தால் சார்ஜர் வாங்குங்கள். முடியாதென்றால் பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று போதும், நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

இந்தக் காலத்துக் கார் நின்றுகொண்டிருந்தாலும் அலாரம், லாக், கடிகாரம் என்று சுமார் 30 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். மாதத்துக்குச் சுமார் 22 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணிக்கணக்கால் பெருக்கிய அளவு) ஆகிறது. சின்ன காரின் 35 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்றரை மாதத்தில் காலி, மூன்று மாதம் எங்கே தாங்கப்போகிறது?

சார்ஜர்தான் என்றால், பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4 ஆம்பியர் எடுங்கள். தாங்கிப் பிடிக்க மட்டும் 1 ஆம்பியரே போதும், ஆனால் வடிந்த பேட்டரியை நிரப்ப அதற்கு ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஆம்பியரே இல்லை. 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிறைந்ததும் தானாக 13.5 பக்கம் இறங்கி நிற்க வேண்டும், இதைத்தான் ஃப்ளோட் என்கிறார்கள். இறங்காமல் மேலேயே நின்றால் அது சார்ஜர் இல்லை, அடுப்பு. வெயிலுக்கேற்ப வோல்ட்டைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் இன்னும் நல்லது, சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். அப்புறம் கரண்ட் போய் வந்தால் தானாக மறுபடி ஓடுகிறதா என்று கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள். சிலதில் திரும்பப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். பூட்டிய வீட்டில் யார் அமுக்குவது?

கேள்வி: வாட்ச்மேன் வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறார். போதாதா? (தேவகோட்டை)

பதில்: போதாது. நின்ற இடத்தில் ஐடிலிங்கில் பேட்டரிக்குப் பெரிதாக ஒன்றும் ஏறாது. இன்ஜினும் முழுச் சூட்டுக்கு வராமல் சைலன்சரிலும் ஆயிலிலும் ஈரம் சேரும். அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஐயா காலத்து அம்பாசடர். ஆன்லைனில் 9,000 ரூபாய் சார்ஜர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? (கோனாபட்டு)

பதில்: வேண்டாம். அதில் அலாரமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. ஒயரைக் கழற்றுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சாதாரண சார்ஜரில் ஒரு ராத்திரி போடுங்கள்.

கேள்வி: பள்ளத்தூரில் தனியாக இருக்கிறேன், மகன் மலேசியாவில். கடைக்காரர் "ஆட்டோமேட்டிக், செருகினால் செருகினபடியே இருக்கலாம்" என்று சொல்லி ஒரு சார்ஜர் கொடுத்தார். ஒரு மாதத்தில் புது பேட்டரி உப்பி, தண்ணீர் வற்றி, கார் பக்கமே நெடி. கேட்டால் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார். (ஒரு ஆச்சி)

பதில்: ஆச்சி, முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். அந்த நெடியோடு நெடியே இல்லாத ஹைட்ரஜன் வாயுவும் வெளியே வரும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். மின்சாரத்தை அணைக்காமல் கிளிப்பைத் தொடாதீர்கள்.

உங்களிடம் விற்றது ஆட்டோமேட்டிக்கே இல்லை, பழைய டிரிக்கிள் ரகம். நிறைந்தது கூடத் தெரியாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதே நியாயமற்ற வணிகம். ஆகவே இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். சார்ஜருக்கு மட்டுமில்லை, கெட்டுப்போன பேட்டரிக்கும் சேர்த்துக் கேளுங்கள். உப்பிய பேட்டரியைப் போட்டோ எடுத்து வையுங்கள், சார்ஜர் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், "ஆட்டோமேட்டிக்" என்று அதில் அச்சிட்டிருந்தால் அதுதான் சாட்சி. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வரவழைத்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) காரைக்குடியில் பேட்டரி ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறது, பக்கத்து ஊரில் ஒரு வயதான அம்மாவிடம் இந்தப் பெட்டியைத் தள்ளிவிடுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

கேள்வி: 5,500 கொடுத்து வாங்கிய ஸ்மார்ட் சார்ஜர் என் பேட்டரியில் லைட் கூட எரியவில்லை. மீட்டரில் 4 வோல்ட் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? (புதுவயல்)

பதில்: இல்லை தம்பி, சார்ஜர் ஒழுங்காகத்தான் இருக்கிறது. இந்த வகை பலதும் இவ்வளவு வடிந்த பேட்டரியை பேட்டரி என்றே ஒத்துக்கொள்ளாது, கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். அதைப் பிரித்தே பார்க்கவில்லை போலிருக்கிறது. நிறைந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டும், 12.4-க்குக் கீழே வந்தாலே ஏற்ற வேண்டும். 4 வோல்ட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகியிருக்கும், இனி அது தேறாது. பழைய பேட்டரியைக் கடையில் போட்டுப் புதிது வாங்கும்போது விலையில் கழித்துக்கொள்ளுங்கள். "பல்ஸ் ரிப்பேர்" பட்டன் உள்ள மலிவு சார்ஜரை வைத்து உயிர் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தப் பட்டன் உள்ள ஒன்று என் பரணில் தூங்குகிறது.

கேள்வி: 60 மாத வாரண்டி பேட்டரி வாங்கினால் சார்ஜர் செலவே வேண்டாம்தானே? (காரைக்குடி)

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். அட்டையில் 60 என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்தீர்கள், கீழே சின்ன எழுத்தைப் பார்த்தீர்களா? பொதுவாக முதல் பாதிக்குத்தான் இலவச மாற்று. மீதிப் பாதி "ப்ரோ ரேட்டா", அதாவது புதிது வாங்கினால் இவ்வளவு சதவீதம் தள்ளுபடி. தள்ளுபடி எதன்மேல்? அச்சிட்ட எம்.ஆர்.பி. மேல். எம்.ஆர்.பி. 7,000 என்று வைத்துக்கொள்வோம், 30 சதவீதம் போனால் 4,900. அதே பேட்டரியைப் பழையது கொடுத்தால் அதே கடை 5,200-க்குத் தருகிறது. வாரண்டி என்று போனால் பழையது அவர்களுக்கே போய்விடும். ஆக அட்டையை வருஷக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்ததற்கு லாபம் 300 ரூபாய். நானும் பெரிய நம்பரைப் பார்த்து வாங்கியவன்தான். நான்காம் வருஷம் கவுன்டரில் நின்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனேன்.

உங்களுக்கு இன்னும் மோசம். நிறுத்தி வைத்து வடியவிட்ட பேட்டரியை "வெறும் டிஸ்சார்ஜ்" என்று எழுதி, சார்ஜ் ஏற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், மாற்றித் தர மாட்டார்கள். வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். விற்கும்போது இதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. சின்ன வாரண்டி, குறைந்த விலை, மிச்சத்தில் ஒரு நல்ல சார்ஜர். நிற்கிற காருக்கு நான் சொல்வது அதுதான்.

கேள்வி: கொட்டகையில் 1950-களின் மோரிஸ் மைனர், அதற்கு முந்திய அமெரிக்கக் கார் ஒன்று. ஒரே சார்ஜர் இரண்டுக்கும் ஆகுமா? (கொத்தமங்கலம்)

பதில்: அமெரிக்கக் கார் பெரும்பாலும் 6 வோல்ட், மோரிஸ் 12. இரண்டுக்கும் கையால் மாற்றும் சுவிட்ச் உள்ளதாக வாங்குங்கள், "தானே கண்டுபிடிக்கும்" ரகத்தை இங்கே நம்ப வேண்டாம். மோரிஸில் பாடியோடு சேர்ந்திருப்பது பாசிட்டிவ். "கறுப்புக் கிளிப்பை பாடியில் மாட்டு" என்ற வழக்கமான பாடத்தை அங்கே செய்தால் போச்சு. பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்து, சிவப்பைப் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் நேராக மாட்டுங்கள், பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

கேள்வி: ஐந்து பங்காளி வீடு, பொதுக் கார். சார்ஜர் யார் செலவு? (பெயர் வேண்டாம்)

பதில்: போன தடவை சாவியை யார் வாங்கிப் போனாரோ அவர்.