பாட்டாவின் பட்டாளத்து மெடல்: தேடுகிறவர்களுக்குச் சில பதில்கள்

ராணுவ ஆவண அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பல வருஷம் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு, இரண்டாம் உலகப் போருக்குப் போன தாத்தாக்களைப் பற்றித் தேடும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு உதவி வருகிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

மார்த்தாண்டம்: அண்ணாச்சி, எங்க பாட்டா பர்மா சண்டைக்குப் போனவர். டிரங்குப் பெட்டியில் நாலு மெடல் இருக்கிறது. இரண்டு நட்சத்திரம், இரண்டு வட்டம். எதிலும் பெயர் இல்லை. வீரத்துக்காகக் கொடுத்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இதில் எது அது?

படத்தைப் பார்த்தேன் தம்பி. நாலுமே போரில் பணியாற்றியதற்கான பதக்கங்கள். கருநீல ரிப்பனின் நடுவில் அகலமான சிவப்பும் இரண்டு பக்கம் ஆரஞ்சுக் கோடும் உள்ள நட்சத்திரம் பர்மா ஸ்டார். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான காலத்தில் அந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் மூன்றும் சம அகலத்தில் இருப்பது 1939–45 ஸ்டார். வட்டமானவற்றில், இரட்டைத் தலை டிராகன் மேல் சிங்கம் நிற்பது போர்ப் பதக்கம். இந்திய வரைபடம் உள்ளது இந்திய சேவைப் பதக்கம்.

வீரத்துக்கு அடையாளம் எதுவும் இல்லை என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். போர்ப் பதக்கத்தின் ரிப்பனைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தளபதியின் அறிக்கையில் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டவர்கள் அந்த ரிப்பனின் மேல் வெண்கலத்தில் ஒரு சின்ன ஓக் இலையைக் குத்திக்கொள்ளலாம். உங்கள் படத்தில் ரிப்பன் நைந்து போயிருக்கிறது. இலை விழுந்திருந்தாலும் ஊசி ஏறிய துளை தெரியலாம். பெட்டியின் அடியில், துணி மடிப்பில் எல்லாம் தேடிப் பாருங்கள்.

இலை கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். பர்மா ஸ்டார் சும்மா வந்ததில்லை. அந்தக் காட்டில் குண்டுக் காயத்தைவிட மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும்தான் அதிகம் பேரைச் சாய்த்தன. உங்கள் பாட்டா 1944-இல் பெரிய சண்டை நடந்த இம்பால், கோஹிமா பக்கம் இருந்தாரா என்பது, எந்தப் படைப்பிரிவு என்று தெரிந்தால் தெரிந்துவிடும். தேட வேண்டியது அதைத்தான்.

தக்கலை: ஐயா, தாத்தாவின் வெள்ளிப் பதக்கத்தின் ஓரத்தில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கிறது. பின்பக்கம் 'ஃபார் பிரேவரி இன் த ஃபீல்ட்' என்று இருக்கிறது. என்ன செய்ததற்காகக் கொடுத்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

அம்மா, அது மிலிட்டரி மெடல். போர்க்களத்தில் காட்டிய துணிச்சலுக்காகச் சாதாரணச் சிப்பாய்க்கும் ஹவில்தாருக்கும் கொடுத்தது. வீரப் பதக்கங்களில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் ஓரத்தில் பொறிப்பது வழக்கம். முதலில் பூதக்கண்ணாடி வைத்து அந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். பெயரைவிட அந்த எண்தான் முக்கியம்.

என்ன செய்தார் என்பதை அறிய இரண்டு இடத்தில் தேட வேண்டும். ஒன்று, லண்டன் கெஜட் என்ற பிரிட்டிஷ் அரசிதழ். அது இணையத்தில் முழுக்க இருக்கிறது. ஆனால் விக்டோரியா கிராஸ், ஜார்ஜ் கிராஸ் போன்ற மிக உயர்ந்த விருதுகளுக்குத்தான் கெஜட்டில் விவரம் இருக்கும். மற்றவர்களுக்குப் பெயர், எண், பதவி, அவ்வளவுதான். அதிலிருந்து தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தேடும் கதை இருப்பது இரண்டாவது இடத்தில். லண்டன் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ.ஓ. 373' என்ற தொகுப்பு இருக்கிறது. விருதுக்காக மேலிடத்துக்கு அனுப்பிய பரிந்துரைத் தாள்கள் அவை. இந்தியச் சிப்பாய்களின் தாள்களும் அதில் உண்டு. பெயரை வைத்து இணையத்திலேயே தேடலாம். ஒரு தாளில் பிரிவு, தேதி, இடம், அவர் செய்தது என்ன என்று ஒரு பத்தி, அதன் கீழே பிரிகேட், டிவிஷன், கோர் தளபதிகளின் கையெழுத்து என்று வரிசையாக இருக்கும். சில தாள்களில் முதலில் கேட்ட விருதை அடித்துவிட்டு வேறொன்று எழுதியிருப்பார்கள். அதையும் கவனியுங்கள்.

பெயர் விஷயத்தில் பொறுமை வேண்டும். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலேய அதிகாரியோ வடநாட்டு எழுத்தரோ காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். செல்லையா, தங்கையா, ஏசுதாசன், ஞானமுத்து எல்லாம் ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக வரும். முதலெழுத்து இருக்காது, அப்பா பெயர் முன்னால் போயிருக்கும். ஒரு எழுத்துக்கூட்டலில் கிடைக்கவில்லை என்றால் அடுத்ததைப் போடுங்கள். பெயர் ஒத்துப்போனாலும் எண் ஒத்துப்போகாவிட்டால் அது வேறு ஆள்.

தாளில் தேதி கிடைத்ததும், அதே காப்பகத்தில் அந்தப் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பைத் தேடலாம். மத்தியக் கிழக்குக்கு டபிள்யூ.ஓ. 169, இத்தாலிக்கு 170, பர்மா முனைக்கு 172 என்று தொகுப்பு எண்கள். அதில் சிப்பாயின் பெயர் வருவது அபூர்வம். ஆனால் அன்று மழையா, எந்த ஆற்றைக் கடந்தார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்பதெல்லாம் இருக்கும். தாத்தா சொல்லாமல் போனதில் பாதியாவது அங்கே கிடைக்கும்.

பூதப்பாண்டி: 1945-இல் தாத்தாவுக்கு வீர சக்கரம் கிடைத்தது என்கிறார்கள். உண்மையா?

1945-இல் அந்த விருதே கிடையாது. பரம்வீர், மகாவீர், வீர சக்கர விருதுகள் 1950 ஜனவரி 26 அன்று ஏற்படுத்தப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதலான செயல்களுக்குக் கொடுக்கப்பட்டவை. தாத்தா 1947–48 காஷ்மீர் போரிலும் இருந்திருந்தால் வாய்ப்பு உண்டு. உலகப் போர்க் காலத்து விருது என்றால் ஐ.ஓ.எம். (இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்), ஐ.டி.எஸ்.எம். (இந்தியன் டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் மெடல்) அல்லது மிலிட்டரி மெடலாக இருக்கலாம். ஐ.ஓ.எம். 1837-இலும் ஐ.டி.எஸ்.எம். 1907-இலும் தொடங்கியவை. இரண்டும் 1947-உடன் நின்றுவிட்டன.

நாகர்கோவில்: எங்களிடம் டிஸ்சார்ஜ் புக் இல்லை, எண் இல்லை, மெடலும் இல்லை. 'பட்டாளத்தில் இருந்தார்' என்ற பேச்சு மட்டும்தான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

இப்படித்தான் நிறையப் பேர் வருகிறார்கள். எந்தப் பட்டாளம் என்ற கேள்வியில் தொடங்குங்கள். அன்றைக்கு நம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். அதனால் உங்கள் தாத்தா இந்திய ராணுவத்தில் இருந்திருக்கலாம்; மகாராஜாவின் திருவிதாங்கூர் படையிலும் இருந்திருக்கலாம். அந்தச் சமஸ்தானப் படையின் பட்டாலியன்கள் பிறகு மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9-ஆவது, 16-ஆவது பட்டாலியன்களாக ஆயின. பழைய அரசுக் கோப்புகளைத் திருவனந்தபுரத்தில் கேரள மாநில ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். சென்னையில் தேடி நாளைக் கழித்தவர்களை நான் அறிவேன்.

இந்திய ராணுவத் தாள்களிலும் சொந்த ஊர் 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று இருக்காது. 'திருவிதாங்கூர்' என்றும், 1949-க்குப் பிந்தையவற்றில் 'திருவனந்தபுரம் மாவட்டம்' என்றும் இருக்கும்.

அடுத்து வீட்டையும் கோயிலையும் பாருங்கள். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கச் சபைகளின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் அப்பாவின் தொழில் எழுதப்பட்டிருந்தால் அது பெரிய துப்பு. அந்தக் காலத்து நிலப் பத்திரத்திலும் 'பட்டாளம்' என்று ஒரு சொல் ஒளிந்திருக்கும். தேதி கொல்லம் ஆண்டில் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824-ஐக் கூட்டுங்கள். அதற்குப் பின் ஆடி வரை 825. கொல்லம் 1119 மாசி என்றால் 1944 பிப்ரவரி–மார்ச். பத்திரம் மலையாளத்தில் இருந்தால் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், சீக்கிரம் போய்க் கேளுங்கள்.

பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்ததா? வந்திருந்தால் ஓய்வூதிய ஆணையில் எண், பதவி, பிரிவு மூன்றும் இருக்கும். நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் பழைய பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பழைய போட்டோ இருந்தால் தொப்பி பேட்ஜையும் தோள்பட்டை எழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பேட்ஜ் போதும், பாதி வழி தாண்டிவிடலாம்.

இரணியல்: தாத்தா லாரி டிரைவராக இருந்தார். எந்த அலுவலகத்துக்கு எழுதுவது? எப்படி எழுதுவது?

டிரைவர் என்றால் பெரும்பாலும் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. (ராணுவத்தின் சரக்கு, போக்குவரத்துப் பிரிவு), இன்றைய ஏ.எஸ்.சி. அதன் தென்பகுதி ஆவண அலுவலகம் பெங்களூரில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றாலும் பெங்களூர்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, மருத்துவப் பிரிவுக்கு லக்னோ, வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ.-க்குச் செகந்திராபாத்.

கடிதத்தில் எண், பதவி, பெயர் (தெரிந்த எல்லா எழுத்துக்கூட்டலும்), அப்பா பெயர், ஊர், தாலுகா, சேர்ந்த வருஷம், விலகிய வருஷம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் நகல் வையுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 'தாத்தாவைப் பற்றிய எல்லா விவரமும்' என்று கேட்காதீர்கள். 'ஷீட் ரோல் நகல், லாங் ரோல் பதிவு, பதக்கப் பதிவு' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஷீட் ரோல் என்பது ஒரு சிப்பாயின் தனிப் பணிப் பதிவு; லாங் ரோல் என்பது சேர்ந்த எல்லோரையும் வரிசையாக எழுதிய பேரேடு. ஓய்வூதியம் இல்லாமல் 1946-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் கோப்புகள் பல விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன. அப்படி ஆகியிருந்தாலும் லாங் ரோலில் ஒரு வரி மிஞ்சியிருக்க வாய்ப்பு உண்டு.

குளச்சல்: எங்க தாத்தா கடற்படை.

மும்பையில் உள்ள மாலுமிகள் பணியகத்துக்கு எழுதுங்கள். கப்பலின் பெயர் தெரிந்தால் கண்டிப்பாகச் சேருங்கள். 1946-இல் விலகியவர் என்றால் அந்த பிப்ரவரி மாதத்து மாலுமிகள் எழுச்சியில் இருந்தாரா என்றும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள்.

கருங்கல்: தாத்தா சிங்கப்பூரில் பிடிபட்டு, பிறகு நேதாஜி படையில் சேர்ந்தார் என்பார்கள். மெடல் எதுவும் இல்லை. சிலர் அவரைத் துரோகி என்றுகூடப் பேசியிருக்கிறார்கள். உண்மையை எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியை எழுதும்போது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தபோது பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஒரே நாளில் கைதிகளானார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார்கள். சேராதவர்களில் ஆயிரக்கணக்கானவர்களை ஜப்பானியர் நியூ கினி பக்கம் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். பட்டினியிலும் நோயிலும் நிறையப் பேர் அங்கேயே போனார்கள். இந்த இரண்டு வழியில் எதில் போனவரையும் துரோகி என்று சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன்.

போர் முடிந்ததும் திரும்பி வந்த ஐ.என்.ஏ. வீரர்களைப் பிரிட்டிஷார் விசாரித்து, தங்களுக்கு விசுவாசமானவர் வெள்ளை, சந்தேகத்துக்குரியவர் சாம்பல், உறுதியாக எதிர்த்தவர் கறுப்பு என்று பிரித்தார்கள். பலர் சம்பள பாக்கியையும் பதக்கத்தையும் இழந்து வீடு வந்தார்கள். உங்கள் வீட்டில் மெடல் இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன. 'அபிலேக் படல்' என்ற அவர்களுடைய இணையதளத்தில் தேடலாம். 1972-இல் மத்திய அரசு தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத்தில் ஐ.என்.ஏ.-வினரும் அடக்கம். தாத்தாவோ பாட்டியோ அதற்கு விண்ணப்பித்திருந்தால் உடன் இருந்தவர்களின் சாட்சிக் கடிதங்களும் அந்தக் கோப்பில் இருக்கும். ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். பழைய ராணுவ எண்ணும் அங்கேயே கிடைக்கலாம்.

ஆரல்வாய்மொழி: பாட்டியின் அண்ணன் பர்மாவில் இறந்தார். உடல் வரவில்லை. அவர் பெயர் எங்காவது இருக்கிறதா?

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். கல்லறை தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் ரங்கூனுக்கு அருகே தௌக்யான் கல்லறையில் உள்ள ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. சில பதிவுகளில் 'இன்னார் மகன், நாகர்கோவில், திருவிதாங்கூர்' என்றே இருக்கும். இந்தியாவுக்குள் இறந்தவர் என்றால் டெல்லி/கராச்சி 1939–45 போர் நினைவுச் சின்னத்தையும் பாருங்கள். கண்டுபிடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

குழித்துறை: மெடல் கறுத்துப் போயிருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? விற்றால் என்ன கிடைக்கும்?

தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் வேண்டாம். ஓரத்தில் உள்ள எழுத்து தேய்ந்துவிட்டால் அடையாளமே போய்விடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ரிப்பனோடு பருத்தித் துணியில் சுற்றி ஈரம் படாமல் வையுங்கள். நம் கடற்கரைக் காற்றில் உப்பு அதிகம், அலமாரியில் திறந்து வைக்க வேண்டாம்.

விலை பற்றி நான் சொல்லப் போவதில்லை. பெயர் பொறித்த வீரப் பதக்கத்தைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்விட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. முதலில் இரண்டு பக்கமும் ஓரமும் தெளிவாகப் படம் எடுங்கள். தக்கலைக்காரருக்குச் சொன்ன பரிந்துரைத் தாளைத் தேடி எடுத்து வீட்டில் எல்லோரும் படியுங்கள். அதற்குப் பிறகும் விற்கத் தோன்றினால் கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.