சிவப்புக்கு ஒரு கணக்கு, இனிப்புக்கு வேறு கணக்கு: சொத்தேர்ன் கேள்வி பதில்

கே: சொத்தேர்ன் எல்லாமே இனிப்பு ஒயின்தானே? வருஷம் பார்த்து வாங்கணுமா சார்?

ப: இனிப்பு எல்லா வருஷமும் இருக்கும். பூஞ்சை எல்லா வருஷமும் ஒழுங்காக வராது, சிக்கலே அங்கேதான். பிரான்ஸில் போர்தோவுக்குத் தெற்கே, சொத்தேர்ன் வட்டாரத்தில் சிரோன் என்று ஒரு சின்ன ஆறு. காட்டு நிழலில் சில்லென்று ஓடிவந்து, வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் விழுகிறது. இலையுதிர் காலத்து விடிகாலைகளில் அங்கே பனிமூட்டம் கட்டும். அந்த ஈரத்தில் பொட்ரைட்டிஸ் பூஞ்சை திராட்சைத் தோலில் பிடிக்கும். மதியம் வெயில் அடித்தால் பழம் வற்றி, சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தே திரளும். வெயிலுக்குப் பதில் மழை பிடித்துக்கொண்டால் அதே பூஞ்சை வெறும் அழுகல். ஒரே கொத்தில் ஒரு பழம் தயாராக இருக்கும், பக்கத்துப் பழம் இருக்காது. அதனால் ஒரே தோட்டத்தைப் பலமுறை சுற்றிவந்து பொறுக்குகிறார்கள். அங்கே பேர்போன தோட்டமான டிக்கெமில் ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ்தான் தேறும் என்பார்கள்.

கே: 2000 போர்தோவுக்குப் பிரமாதமான வருஷமாமே?

ப: சிவப்புக்கு! சிவப்பு ஒயின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு சொத்தேர்ன் வாங்காதீர்கள். 2000இல் சிவப்புக்கான பறிப்பு முடிந்த பிறகு அக்டோபர் மழை வந்து இனிப்பைக் கெடுத்தது. 2001இலும் 2007இலும் கதை தலைகீழ்: சிவப்பு சுமார், சொத்தேர்ன் அபாரம்.

கே: 1988, 89, 90 மூன்றும் நல்ல வருஷம் என்றால் மூன்றும் ஒரே ருசியா?

ப: இல்லை. 88இல் பூஞ்சை நிதானமாக வந்தது. புளிப்பு தூக்கலான, ஒடிசலான ஒயின். 89, 90 இரண்டும் வெயில் வருஷங்கள், சதைப்பற்று அதிகம். ஊரே 90ஐக் கொண்டாடும். என் ஓட்டு 88க்கு. 2003 வெயில் இன்னும் மோசம். சர்க்கரை கொட்டிக் கிடக்கும், தாங்கிப் பிடிக்கப் புளிப்பு போதாது.

கே: 2005?

ப: வாங்கலாம்.

கே: டிக்கெம் 2012 எங்கே கிடைக்கும்?

ப: எங்கேயும் கிடைக்காது. மழை கெடுத்ததால் அந்த வருஷம் அவர்கள் போடவேயில்லை. 1951, 52, 64, 72, 74, 92 வருஷங்களிலும் போடவில்லை. யாராவது விற்றால் போலி.

கே: அதெல்லாம் விளம்பர உத்தி சார். பார்சாக்கில் க்ளிமான்ஸ் தோட்டத்தார் 2012 போட்டார்களே?

ப: போட்டார்கள். பக்கத்து ஊர், வேறு மண். ஒரு வருஷ வருமானத்தையே விட்டுக்கொடுத்து யாரய்யா விளம்பரம் செய்வான்?

கே: டிக்கெமுக்குப் பின்னால் எல்விஎம்ஹெச் என்ற பெரிய சொகுசுப்பொருள் நிறுவனம் இருக்கிறதே, தாங்கும்!

ப: அவர்கள் கைக்கு வந்தது 1999இல். 51, 52இல் தோட்டம் லூர் சாலூஸ் குடும்பத்திடம்தான் இருந்தது. அப்போதும் விட்டார்கள்.

கே: சின்னத் தோட்டக்காரர் அப்படி விட்டால் அடுப்பு எரியுமா?

ப: எரியாது. இதை ஒத்துக்கொள்கிறேன். மோசமான வருஷத்தில் பாட்டில் போட்டதற்காக அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

கே: ஐஸ்வைனுக்கும் இதே கதையா?

ப: அதற்குப் பூஞ்சை வேண்டாம், குளிர் வேண்டும். ஜெர்மனியில் பழம் கொடியிலேயே மைனஸ் 7 டிகிரியில் உறைய வேண்டும். 2019 அறுவடைக்கு அந்தக் குளிர் எந்தப் பகுதியிலும் வரவில்லை, ஐஸ்வைனும் இல்லை.

கே: 1982 போர்தோவின் பொற்காலமாம், சொத்தேர்ன் ஒன்று மலிவாக வருகிறது...

ப: முதல் இரண்டு பதில்களைப் படித்துவிட்டு வாருங்கள்.