நர்சிங் சேரும் முன் வார்டைப் போய்ப் பாருங்கள்

மகள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்தவள், பி.எஸ்சி. நர்சிங்தான் வேண்டும் என்று நிற்கிறாள் என எழுதியிருந்தீர்கள். "ஊசி போடவும் மாத்திரை கொடுக்கவும் நாலு வருஷமா சார்?" என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான். அந்த நாலு வருஷத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அதிலிருந்தே எந்தக் கல்லூரி என்பதற்கும் பதில் கிடைத்துவிடும்.

மொத்தம் எட்டு செமஸ்டர். முதல் வருஷத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், சத்துணவு, உளவியல், இவற்றோடு நர்சிங் அடிப்படை. படுக்கை விரிப்பது, நாடியும் ரத்த அழுத்தமும் பார்ப்பது, நோயாளியைக் குளிப்பாட்டுவது எல்லாம் முதலில் பொம்மையிடம், அப்புறம் வார்டில். வீட்டுக்கு அழுகையோடு போன் வருவதும் பெரும்பாலும் இந்த வருஷத்தில்தான். "பெட்பேன் எடுக்கவா படிக்க வந்தேன்" என்பாள். பதறி ஊருக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். நகர முடியாதவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதுதான் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்திருப்பது கண்ணில் படும். கவனிக்காமல் விட்டால் அது படுக்கைப் புண். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் சில நிமிடங்களில் அது தெரிய வாய்ப்பு குறைவு. உடம்பு துடைத்துவிடும் கைக்குத்தான் முதலில் தெரியும்.

இரண்டாம் வருஷம் பெரியவர்களுக்கான மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டுகள். கூடவே மருந்தியல், நோய்க்கூறியல், நுண்ணுயிரியல். குடித்தது எவ்வளவு, சிறுநீர் போனது எவ்வளவு என்று மணிக்கு மணி சார்ட் எழுதுவது சலிப்பான வேலை. ஆனால் சிறுநீரகமோ இதயமோ பழுதான ஒருவருக்கு அந்தச் சார்ட்டை வைத்துத்தான் மருந்தின் அளவே மாறும். ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு நாடி ஏறி, ரத்த அழுத்தம் இறங்கினால், உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்படப் பழகுவார்கள். தியேட்டரில் தையல் போடும் முன் பஞ்சுத்துணியையும் கருவிகளையும் எண்ணிச் சரிபார்ப்பதும் நர்ஸின் பொறுப்பு.

குழந்தைகள் வார்டில் கணக்குதான் முக்கியம். 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் பாராசிட்டமால் என்று எழுதியிருக்கிறது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி கொடுக்க வேண்டும். அதே 5 மில்லியில் 250 உள்ள பாட்டில் கையில் இருந்தால் 3 மில்லிதான். லேபிளைப் படிக்காமல் ஊற்றினால் இரட்டிப்பு மருந்து உள்ளே போய்விடும். உங்கள் மகளுக்கு மருத்துவப் பெயர்கள் வருமா என்று கேட்டீர்கள். அது வந்துவிடும்; தசமக் கணக்கை இப்போதே தூசி தட்டச் சொல்லுங்கள்.

பெற்றோர் அதிகம் பயப்படுவது மனநலப் பிரிவைப் பற்றி. 1794-இல் தொடங்கி, இப்போது சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் அரசு மனநலக் காப்பகம் போன்ற இடங்களுக்கு ஆசிரியரோடு குழுவாகத்தான் போவார்கள். நோயாளியோடு பேசியதை, அவர் சொன்னது, தான் சொன்னது என்று வரிக்கு வரி எழுதி, எந்த இடத்தில் பேச்சு அறுந்தது என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். இந்தப் பயிற்சி எந்த வார்டிலும் உதவும். புற்றுநோய் என்று அப்போதுதான் கேள்விப்பட்ட ஒருவரிடம் என்ன பேசுவது என்பது வேறெங்கும் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தரப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

சமுதாய நலப் பிரிவு என்றால் ஆரம்ப சுகாதார நிலையமும் வீடு வீடாகப் போவதும்தான். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக் காப்பது, 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசி போட வராத குழந்தையைத் தேடிப்போவது எல்லாம் இதில் வரும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வந்தபின், வீட்டிலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பது ஊர்க்காரர்களுக்கும் பழகிவிட்டது.

கடைசியாக மகப்பேறு. லேபர் வார்டில் பிரசவ வலியின் போக்கை பார்டோகிராஃப் தாளில் குறித்துக்கொண்டே வர வேண்டும். குழந்தை பிறந்ததும் 1-ஆவது, 5-ஆவது நிமிடங்களில் நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தசை இறுக்கம், மூச்சு ஆகிய ஐந்துக்கும் அப்கார் மதிப்பெண் போடுவார்கள். குழந்தை வந்ததும் எல்லோரும் அதைப் பார்க்கப் போய்விட, தாயின் வயிற்றைத் தொட்டுக் கருப்பை இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பவர் நர்ஸ்தான். அது தளர்ந்திருந்தால் ரத்தப்போக்கு. எட்டாவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப்.

இப்போது கல்லூரி விஷயம். கல்லூரிக்கு 100 படுக்கை உள்ள சொந்த மருத்துவமனை (பேரன்ட் ஹாஸ்பிட்டல்) வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நிபந்தனை. ஆனால் படுக்கை இருந்தால் போதாது, அதில் நோயாளி இருக்க வேண்டும். சில தனியார் கல்லூரிகளில் ஏசி வகுப்பறையும் பஸ் வசதியும் பளபளக்கும். வார்டில் விரிப்பு கசங்கியே இருக்காது. அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தால், விடுதி சுமார்தான் என்றாலும் அதையே எடுங்கள்.

சம்பளத்தையும் மறைக்கவில்லை. தனியார் மருத்துவமனைகளில் ஆரம்பச் சம்பளம் பல இடங்களில் குறைவு. அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. எனும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு உண்டு. பிரிட்டனுக்கு என்றால் ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி ஆங்கிலத் தேர்வு. அப்புறம் அவர்களுடைய நர்சிங் கவுன்சில் வைக்கும் தேர்வுகள். ஐசியூவா, டயாலிசிஸா, தியேட்டரா என்று இப்போதே தீர்மானிக்கச் சொல்லி மகளை நெருக்க வேண்டாம். எல்லா வார்டையும் ஒரு சுற்று பார்த்தபின் அவளே சொல்வாள்.

ஒரு வேலைநாளில் காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனைக்குப் போங்கள். அட்மிஷன் ஆபீஸைத் தாண்டி, கடைசி வருஷ மாணவிகள் இரண்டு பேரிடம் பேசுங்கள். போன மாதம் எந்த வார்டு டூட்டி, மனநலப் பயிற்சிக்கு எங்கே அனுப்பினார்கள், லேபர் வார்டில் நீயே பார்த்த பிரசவம் எத்தனை? கேஸ் புக்கில், அதாவது பயிற்சிக் குறிப்பேட்டில், எழுதிய எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், பார்த்த எண்ணிக்கையைக் கேளுங்கள்.