டயர் மாற்றினால் குதிரைத்திறன் குறையுமா?

கேள்வி: என் 350 சிசி பைக்கின் பின்சக்கரத்துக்கு அகலமான பட்டன் டயர் (மேற்பரப்பில் கட்டை கட்டையாகப் புடைப்பு உள்ளது) போட்டேன். அப்புறம் டைனோவில் (பின்சக்கரத்தை ஓர் உருளைமேல் ஓட்டித் திறனை அளக்கும் கருவி) ஏற்றியபோது முன்பைவிட ஒன்றரை குதிரைத்திறன் குறைவாகக் காட்டியது. எஞ்சினில் கோளாறா?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அவசரப்பட்டு எஞ்சினைப் பிரிக்க வேண்டாம், தம்பி. டைனோவில் எஞ்சினுக்கும் உருளைக்கும் நடுவே செயினும் டயரும் இருக்கின்றன. அவை தின்றது போக மிச்சம்தான் தாளில் அச்சாகும். கனமான டயரைச் சுழற்றி வேகமெடுக்கவே சக்தி செலவாகும்; அதிலும் எடை வெளிவிளிம்பில் இருக்கிறது. பட்டன்கள் உருளையில் அழுந்தி அழுந்தி விரிவதில் இன்னொரு பங்கு சூடாகவே போய்விடும்.

நெல்லித்தோப்பில் என் பட்டறைக்கு இப்படி வண்டி வந்தால் முதலில் காற்றைத்தான் பார்ப்பேன். 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டிய இடத்தில் 22 இருந்தால் டயர் தட்டையாகி இழுக்கும். டைனோமேல் பைக்கைக் கட்டும் பட்டையை அளவுக்கு மீறி இறுக்கினாலும் அதே கதைதான்.

பழைய டயரை மாட்டி, காற்றைச் சரியாக வைத்து, டயர் சூடான பிறகு அதே டைனோவில், அதே கியரில் மூன்று முறை ஓட்டச் சொல்லுங்கள். பழைய எண் வந்துவிட்டால் எஞ்சின் நலம். வராவிட்டால் ஏர் ஃபில்டர், பிளக், செயின் என்று வரிசையாகப் பாருங்கள்.