புரோக்கரை மாற்றினால் லிஸ்டிங் யாருக்கு?

கேள்வி: கலிஃபோர்னியாவில் புரோக்கரின் கீழ் வீடு விற்றுத்தரும் சேல்ஸ்பெர்சன் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். வேறு புரோக்கரிடம் மாறப்போகிறேன். நான் பிடித்த ஒரு வீடு எஸ்க்ரோவில் (விலை பேசி முடிந்து, பணமும் பத்திரமும் கைமாறும் வரை மூன்றாம் நபரிடம் இருக்கும் கட்டம்) இருக்கிறது, இன்னொன்று புது லிஸ்டிங் (வீட்டை விற்றுத்தர வீட்டுக்காரர் போட்ட ஒப்பந்தம்). "இரண்டையும் விட்டுவிட்டுப் போ" என்கிறார் புரோக்கர். நான் இன்டிபென்டன்ட் கான்ட்ராக்டர்தானே? வீட்டுக்காரரோ கமிஷனை நேராக எனக்கே தருகிறேன் என்கிறார்.

பதில்: முதல் வேலையாக வீட்டுக்காரரிடம் "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அந்த வேலை நடக்கும்போது எந்த புரோக்கரிடம் இருந்தீர்களோ, அவர் கையிலிருந்துதான் கமிஷன் வாங்கலாம் என்கிறது மாநிலத் தொழில் சட்டத்தின் 10137-ஆம் பிரிவு. வீட்டுக்காரரிடம் நேராக வாங்கினால் லைசென்ஸுக்கே ஆபத்து.

கான்ட்ராக்டர் என்ற பெயரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அது பெரும்பாலும் வரிக்கணக்குக்கான பெயர். லைசென்ஸ், மணிக்கணக்கில் இல்லாமல் விற்பனைக்கேற்ற வருமானம், எழுத்தில் ஒப்பந்தம் மூன்றும் இருந்தால் மத்திய வரிச் சட்டம் உங்களை ஊழியராகப் பார்க்காது. ஊழியர் அல்லாதவருக்குத் தரும் 1099 என்ற வருமானப் படிவம் வரும். ஆனால் உங்கள் வேலையை மேற்பார்வை செய்யும் கடமை புரோக்கரை விட்டுப் போவதில்லை.

மாலிபு மாளிகை வழக்கையே பாருங்கள். விற்பவரின் ஏஜென்டும் வாங்குபவரின் ஏஜென்டும் ஒரே நிறுவனத்தில் இருந்தவர்கள். விளம்பரத்தில் சுமார் 15,000 சதுர அடி. கட்டட அனுமதியிலோ அதைவிடக் குறைவு. நிறுவனம் இரு தரப்புக்கும் ஏஜென்ட் என்பதால், விற்பவர் பக்கம் நின்றவருக்கும் வாங்குபவரிடம் அதே நம்பிக்கைக் கடமை (அவர் நலனைக் காக்கும் பொறுப்பு) உண்டு என்று 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் நீங்கள் புரோக்கரின் கை.

லிஸ்டிங்கும் அப்படித்தான். கையெழுத்து உங்களுடையதாக இருக்கலாம், ஒப்பந்தம் வீட்டுக்காரருக்கும் புரோக்கருக்கும் இடையில். புரோக்கர் மனம் வைத்து விடுவித்தால் புது லிஸ்டிங் உங்களோடு வரும். "ரத்து செய்துவிட்டு வாருங்கள்" என்று வீட்டுக்காரரைத் தூண்டினால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

எஸ்க்ரோ வீட்டின் கதை வேறு. பழைய புரோக்கரிடம் இருந்தபோது உழைத்தீர்கள், எனவே மாறிய பிறகும் அவரே உங்கள் பங்கைத் தரலாம். எவ்வளவு என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். புரோக்கருக்கும் உங்களுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம். விலகிய பின்பும் இருவரும் மூன்று ஆண்டு பிரதி வைத்திருக்க வேண்டும். விலகுபவருக்குப் பங்கு குறையும் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி ஒளிந்திருக்கும், தேடுங்கள். தராவிட்டால் புரோக்கர் மேல் வழக்குப் போடலாம், வீட்டுக்காரர் மேல் முடியாது.

விலகல் கடிதம் கொடுக்கும் முன்பே எஸ்க்ரோ வீட்டின் முகவரி, உங்கள் சதவீதம், இனி அதைக் கவனிப்பவர் யார் என்பதை மின்னஞ்சலில் எழுதிப் பழைய புரோக்கரிடம் ஒப்புதல் வாங்குங்கள். லைசென்ஸ் புது புரோக்கரின் கீழ் பதிவாகும்வரை யாருக்கும் வீடு காட்டப் போகாதீர்கள்.